பாகம் வந்தால் சொல்கிறோம்

எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் உண்டு. ஒன்று 2006-இல் வாங்கியது. மேசைக்கடியில் பெட்டியாக நின்றுகொண்டு, இருபது வயதை எட்டப்போகிற இந்த நாளிலும் வீட்டுக் கணக்கையும் பழைய புகைப்படங்களையும் காத்து வருகிறது. மற்றது, 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்த என் மகள் வீட்டிலிருந்தபடியே பாடம் கேட்பதற்காக, கடை கடையாக அலைந்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிய மடிக்கணினி. சென்ற ஐப்பசி மழையில் இரண்டும் ஒரே வாரத்தில் செயலற்றுப் போயின.

பெட்டியைத் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டின் மேல் டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்து, "கண்டென்சர் உப்பியிருக்கு சார்" என்றார். விரல் நுனி அளவுள்ள சிறு உருளைகள் வரிசையாக நின்றிருந்தன. தட்டையாக இருக்க வேண்டிய அவற்றின் தலை, மூன்றில் மட்டும் பணியாரம்போல் மேடிட்டிருந்தது. இழுப்பறையைத் திறந்து, '1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட்' என்று அச்சிட்ட மூன்று புதிய உருளைகளை எடுத்தார்; பழையவற்றை ஈயத்தை இளக்கி எடுத்துவிட்டு, புதியவற்றை அந்த இடத்தில் பற்றவைத்தார். ஒரு மணி நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மடிக்கணினியின் கதை வேறு. ஜன்னலோரம் வைத்திருந்தபோது சாரல் உள்ளே இறங்கிவிட்டது. அதைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, போர்டின் உள் அடுக்குகளுக்கிடையே ஷார்ட் ஆகியிருக்கிறது, சில்லறை வேலையால் பயனில்லை, போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அது நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் போர்டு கையிருப்பில் இல்லை. "ஆர்டர் போட்டிருக்கிறோம், பாகம் வந்தால் சொல்கிறோம்" என்றார்கள். அந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து 52 நாட்கள் காத்திருந்தோம். முதுகலை வகுப்பின் முதல் கட்டுரைகளை என் மகள் கைபேசியின் சிறு திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டச்சு செய்ததை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வாசகத்தின் பொருளை முழுவதும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மூன்று கண்டென்சர்கள் ஒரு மணி நேரத்தில் கிடைத்ததற்கும், ஒரு போர்டு ஏழு வாரமாகியும் கிடைக்காததற்கும் காரணம் தூரம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கண்டென்சர்களும் கடல் தாண்டி வந்தவையே.

முதலில் எனக்குத் தோன்றியது, எல்லோருக்கும் தோன்றக்கூடியதே: போர்டில் உள்ள சிப்புகளைச் செய்வதற்கு நாள் பிடிக்கிறது போலும் என்பது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஒரு நவீன சிப், 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் தகட்டின் மேல், அடுக்கின்மேல் அடுக்காக வளர்க்கப்படுகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் படலம் பூசுதல், ஒளியால் வரைபடம் பதித்தல், வேண்டாத இடத்தை அரித்தெடுத்தல், உலையில் சுடுதல், கழுவுதல், அளந்து பார்த்தல் என்ற கிரியைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன; உயர்ந்த ரகச் சிப்புகளில் இவை ஆயிரத்தைத் தாண்டும். தகடு ஆலைக்குள் புகுந்து வெளியே வருவதற்குச் சுமார் மூன்று மாதம் ஆகும். பிறகு அதைத் துண்டுகளாக அறுத்து, உறையிட்டு, சோதிப்பதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். நெல்லைப் போலவே இதற்கும் ஒரு பருவம் உண்டு. பணத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் பயிர் முந்தி விளையாது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி, தகட்டின் மேல் வேலை நடக்கும் காலமன்று. அடுத்த யந்திரத்தின் முன் தகடு வரிசையில் நிற்கும் காலம். வரிசையின் கணிதத்தை முதன்முதலில் ஆராய்ந்தவர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் தேசத்துக் கணித நிபுணர். அவருடைய முதல் கட்டுரை 1909-இல் வெளிவந்தது. அவர் தொடங்கிவைத்த சாஸ்திரத்தின் மிக எளிய முடிவு ஒன்று உண்டு. வேலை தாறுமாறான நேரங்களில் வந்துசேரும், ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரமும் தாறுமாறாக இருக்கும் ஒரே ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜன்னல் பாதி நேரம் ஓய்வாக இருக்குமானால், வருகிறவர் சராசரியாக ஓர் ஆளின் வேலை முடியும் நேரம் காத்திருப்பார். ஜன்னல் 80 சதவீதம் வேலையாக இருந்தால் 4 ஆளின் நேரம். 90 சதவீதமானால் 9. 95 சதவீதமானால் 19. யந்திரத்தைச் சும்மா நிறுத்தக்கூடாது என்று முதலாளி நினைக்க நினைக்க, வரிசையின் வால் இப்படி நீண்டுகொண்டே போகிறது. கோடிக்கணக்கான ரூபாய் பெறும் யந்திரங்களைச் சும்மா நிறுத்த எந்த ஆலையும் சம்மதிக்காது என்பதால், சிப்பின் தாமதம் அதன் செய்முறைக்குள்ளேயே தங்கிவிட்ட தாமதமாகும்.

இயற்கை இடறும்போது இந்தத் தாமதம் எவ்வளவு விசுவரூபம் எடுக்கும் என்பதை 2011-ஆம் ஆண்டு காட்டியது. தாய்லாந்தில் சாவ் பிரயா என்ற பெரிய நதி, வடக்கே பெய்த மாதக்கணக்கான மழையையெல்லாம் சுமந்துகொண்டு சமவெளிக்கு இறங்கி, அக்டோபர் மாதத்தில் அயுத்தயா பிரதேசத்துத் தொழிற்பேட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. அயோத்தியின் பெயரைத் தாங்கிய அந்தப் பழைய ராஜதானியைச் சுற்றித்தான் உலகத்தின் ஹார்ட் டிஸ்க் உற்பத்தியில் கணிசமான பங்கு குடிகொண்டிருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை பாங் பா இன் என்ற இடத்தில் வெள்ளத்துக்குள் போயிற்று. அதைவிட விசேஷமான நஷ்டம் ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டாரில், உலகத்துக்கு வேண்டியவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கை ஜப்பானின் கியோட்டோ நகரத்தைச் சேர்ந்த நிடெக் என்ற ஒரே கம்பெனி செய்துவந்தது. அதன் தாய்லாந்துத் தொழிற்சாலைகளும் தண்ணீரில் நின்றன. ஆகவே, வெள்ளம் தொடாத ஊரில் டிஸ்க் செய்தவர்களும் மோட்டார் இல்லாமல் கைகட்டி நிற்கும்படி ஆயிற்று.

ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் முனை, சுழலும் தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. நமது தலைமயிரின் தடிமன் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். ஒரு தூசி புகுந்தாலும் முனை தட்டில் மோதி எல்லாம் பாழாகிவிடும் என்பதால், காற்றையே வடிகட்டிச் சுத்தம் செய்த அறைகளில் அது உருவாகிறது. அப்படிப்பட்ட அறைக்குள் நதியின் சேறு புகுந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் நவம்பர் இறுதியிலேயே ஓரளவு உற்பத்தியைத் தொடங்கிவிட்டது உண்மையிலேயே ஒரு சாதனை; ஆயினும் டிஸ்க்கின் விலை இரட்டிப்பாகி, பழைய நிலைக்கு இறங்க நெடுங்காலம் பிடித்தது. உலகத்தின் எத்தனையோ ஊர்களில், ஆற்றின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள், கடைக்காரர் கையை விரிப்பதைக் கண்டு திரும்பிப்போனார்கள்.

ஒரே இடத்தில் ஒரே பொருளைச் செய்துவிட்டு உலகம் முழுவதும் அதை நம்பி வாழும் இந்த அமைப்பு, கம்ப்யூட்டரின் சரித்திரம் நெடுகிலும் இருக்கிறது. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் ஸுமிடோமோ இரசாயனத் தொழிற்சாலை ஒன்று வெடித்தபோது, சிப்புகளை உறையிடும் ஒருவகைப் பிசின் உலகத்துக்கே தட்டுப்பாடாகி, மெமரியின் விலை தாவியது. இன்னும் நம் வீட்டுக்கு நெருக்கமான உதாரணம், அஜினமோட்டோ. டோக்கியோவில் இகேடா என்ற ரசாயனப் பேராசிரியர் 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டெடுத்த அந்தச் சுவையூட்டும் உப்பை விற்கப் பிறந்த கம்பெனி, தன் அமினோ அமில ரசாயன அறிவைக் கொண்டு, 1990-களில் மெல்லிய பிசின் படலம் ஒன்றை உண்டாக்கியது. பிராசஸர் சிப்பு நேராக மதர்போர்டின் மேல் உட்காருவதில்லை. இடையே ஒரு சிறு பலகை உண்டு. அந்தப் பலகையின் மயிரிழைக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கடுக்காகப் பிரித்து நிறுத்துவது அந்தப் படலம். இன்று உயர்தரப் பிராசஸர்களில் ஏறத்தாழ எல்லாமே அதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. 2021-இல் அந்தப் படலத்தைக் கொண்டு செய்யும் பலகைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சிப் தயாராக இருந்தும் அதை உட்காரவைக்கப் பீடம் இல்லாத நிலை உண்டாயிற்று.

2020-லும் 2021-லும் நேர்ந்த பெரும் சிப் பஞ்சத்துக்கு வெள்ளமும் தீயும் மாத்திரம் காரணமல்ல. உலகத்துக் குழந்தைகள் எல்லோரும் ஒரே மாதத்தில் மடிக்கணினி கேட்டார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. தேவை உயர்ந்தது மெய்; ஆனால் தொழிற்சாலை வாசலில் அந்தத் தேவை வந்து நின்றபோது அது பல மடங்கு பருத்துக் காணப்பட்டது. இந்த விசித்திரத்தை முதலில் விளக்கியவர் ஜே ஃபாரஸ்டர் என்ற அமெரிக்கர். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிறு காந்த வளையங்களில் எண்ணைச் சேமிக்கும் கம்ப்யூட்டர் நினைவகத்தை உருவாக்குவதற்குத் தலைமை வகித்த அதே மனிதர், பிற்பாடு பொறியியலை விட்டுத் தொழில் நிர்வாகத்துக்குத் திரும்பி, 1961-இல் ஒரு பெரிய புத்தகத்தில் சரக்கின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தார்.

அவர் சொன்ன தத்துவத்தை நான் ஒரு தாளில் சிறு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் வாரம் 100 பெட்டி விற்கிறார். இரண்டு வார விற்பனைக்குச் சமமான 200 பெட்டிகளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது அவர் வழக்கம். விற்பனை 110 ஆகிறது. விற்ற 110-ஐ நிரப்ப வேண்டும். கையிருப்பையும் 220 ஆக உயர்த்த வேண்டும். ஆகவே 130 கேட்கிறார். அவருக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரிக்கும் அதே வழக்கம். அவர் கண்ணுக்குத் தேவை 130. கையிருப்பு 200-லிருந்து 260 ஆக வேண்டும். ஆகவே அவர் கேட்பது 190. அவருக்கு மேலே உள்ளவர் இதே நியாயப்படி 370 கேட்கிறார். வீதியில் 10 சதவீதம் ஏறிய தேவை, ஆலையின் வாசலில் மூன்றரை மடங்குக்கு மேலாகக் காட்சியளிக்கிறது. அடுத்த வாரம் கடைக்காரர் இயல்பாக 110 மட்டும் கேட்டால், மொத்த வியாபாரி தம்மிடம் 40 மிஞ்சிவிட்டதென்று கண்டு 70 போதும் என்கிறார், ஆலை திகைக்கிறது. ஒருவரும் பேராசைப்படவில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நிலையில் விவேகமாகவே நடந்துகொண்டார்கள். 1997-இல் லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சாட்டையின் வீச்சுக்கு ஒப்பிடும் பெயரோடு எழுதி, உலகறியச் செய்தார்கள். பிடியில் அசைவு சிறிது, நுனியில் பேரிரைச்சல்.

இவ்வளவையும் படித்து முடித்தபோது என் சந்தேகம் தீரவில்லை, பெருகிற்று. இந்த விளக்கங்கள் எல்லாம் புதிதாகச் செய்யப்படும் பொருளுக்கு உரியவை. என் மகளின் மடிக்கணினிக்கு வேண்டிய போர்டையோ, எந்தத் தொழிற்சாலையும் இன்று செய்துகொண்டிருக்கவில்லை. ஒரு மாடல் கடைகளில் விற்பனையாகும் காலம் பெரும்பாலும் ஓராண்டுதான். அதன் சிப்புகளைச் செய்பவர்கள் உற்பத்தியை நிறுத்தப்போகிறோம், வேண்டுவோர் கடைசியாக ஒரு தடவை வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிக்கிறார்கள். அந்த வேளையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்த ஐந்து ஆறு வருஷங்களில் இந்த மாடலில் எத்தனை போர்டுகள் பழுதாகும் என்று ஊகித்து, அத்தனை போர்டுகளை மொத்தமாகச் செய்து வைத்துவிட வேண்டும். குறைவாக ஊகித்தால் என்னைப் போன்றவர்களுக்குப் போர்டே கிடையாது. அதிகமாக ஊகித்தால் அவ்வளவும் குப்பை. எனவே என் போர்டு எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது, அல்லது எங்குமே இல்லை. உண்மையான கேள்வி, அது எந்த ஊர் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது.

இதற்கு விடை, குதிரை உதையில் இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதவியலர் புவாஸோன் 1837-இல் வெளியிட்ட ஒரு சூத்திரம், அபூர்வமாகவும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமலும் நிகழும் சம்பவங்கள் ஒரு காலத்தில் எத்தனை முறை நேரும் என்பதைச் சொல்லும். போர்ட்கேவிச் என்பவர் 1898-இல், பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் ஆண்டுவாரிக் கணக்கை எடுத்து அந்தச் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தின. போர்டு பழுதாவதும் அப்படிப்பட்ட சம்பவம்தான். ஓர் ஊரில் ஒரு குறிப்பிட்ட போர்டு சராசரியாக மாதம் ஒன்று தேவைப்படுகிறது என்றும், விற்றதை மறுபடி வருவிக்க ஒரு மாதம் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி ஒன்று என்பதால் ஒன்றை வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் சூத்திரத்தின்படி, 100 மாதங்களில் ஏறத்தாழ 37 மாதங்களில் ஒருவரும் கேட்கமாட்டார். 37 மாதங்களில் ஒருவர் கேட்பார். மிச்சம் 26 மாதங்களில் இரண்டு பேரோ அதற்கு மேலோ வந்து நிற்பார்கள். ஒன்றை வைத்திருக்கும் கடையில், நான்கு மாதத்துக்கு ஒரு முறை யாராவது "ஸ்டாக் இல்லை" என்ற சொல்லைக் கேட்டே தீருவார். 100-க்கு 98 மாதங்கள் இல்லையென்று சொல்லாமல் இருக்க வேண்டுமானால் மூன்று வைக்க வேண்டும். அப்படி வைத்தால், அந்த மூன்றும் பெரும்பாலான நாட்களில் தூசி படிந்து கிடக்கும்.

100 ஊர்களில் இப்படி வைத்தால் 300 போர்டுகள் வேண்டும். அந்த 100 ஊர்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு கிடங்கு வைத்தாலோ, மாதத் தேவை சராசரி 100. ஓர் ஊரில் கூடுவது இன்னோர் ஊரில் குறைவதால் ஈடாகிவிடுகிறது. அதே 98 என்ற நம்பிக்கையை 121 போர்டுகளே தந்துவிடும். 300-க்கும் 121-க்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் என் மகளின் 52 நாட்கள். கம்பெனிக்கு மிச்சமாகும் 179 போர்டுகளின் விலையை, 100 ஊர்களில் உள்ளவர்கள் நாட்களாகச் செலுத்துகிறார்கள். கிடங்கு சிங்கப்பூரிலோ வேறொரு துறைமுக நகரத்திலோ இருக்கும். அங்கும் தீர்ந்திருந்தால் இன்னொரு கண்டத்தின் கிடங்கைக் கேட்பார்கள். ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு விண்ணப்பம், ஓர் ஒப்புதல், ஒரு சுங்கப் பரிசோதனை. ஆகாய மார்க்கமாக ஒரு போர்டு சென்னைக்கு வர இரண்டு நாள் போதும். மற்ற நாட்கள் எல்லாம் அது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலும், அனுப்பலாமா என்று தீர்மானிப்பதிலும் கழிகின்றன.

பாட்டரியின் விஷயம் மாத்திரம் இதற்கு விலக்கு. அதற்குப் பிரயாணமே தடை. லித்தியம் அயனிப் பாட்டரிக்குள் எரியும் தன்மையுள்ள திரவமும், அதைப் பற்றவைக்கப் போதுமான சக்தியும் ஒரே உறைக்குள் அருகருகே இருக்கின்றன. ஒரு செல் சூடேறிக் கட்டுமீறினால் அடுத்த செல்லையும் சூடேற்றும். அதனால் 2016 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, தனியே அனுப்பும் லித்தியம் அயனிப் பாட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது என்றும், சரக்கு விமானத்தில் ஏற்றினாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்றும் சர்வதேச விதி வந்தது. மடிக்கணினியின் பாட்டரிக்காகக் காத்திருப்பவர் இந்த விதியைக் குறைசொல்லக் கூடாது. அது உயிரைக் காக்கும் விதி.

இருபதாவது நாள் பொறுமையிழந்து, நானே ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்னையில் மவுண்ட் ரோட்டுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே, நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்த அந்தச் சிறு வட்டாரத்தைத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். அங்கே உடைந்த மடிக்கணினிகளைப் பிரித்துக் கழற்றிய போர்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடியின் கீழ் கடுகளவு சிப்பை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் சிப் லெவல் வேலைக்காரர்களும் அங்கே உண்டு. கைத்திறனில் அவர்கள் எந்த நாட்டுப் பொறியியலாளருக்கும் இளைத்தவர்கள் அல்லர் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு கடையில் என் மாடல் பெயருள்ள போர்டு கிடைத்தேவிட்டது. ஆனால் அந்த இளைஞர் என் போர்டைத் திருப்பி, ஓரத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்துவிட்டு, "மாடல் ஒண்ணுதான் சார், போர்டு நம்பர் வேற. மாட்டினா பவர் பட்டனும் வராது, ஃபேனும் உக்காராது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பெயர் ஒன்றாகவே இருந்தும், கம்பெனி அதற்குள் எத்தனை போர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கிருந்து திரும்பும்போதுதான் மூன்று கண்டென்சர்களின் ரகசியம் எனக்கு விளங்கியது. அந்த உருளைக்குள் இருப்பது சுருட்டிய அலுமினியத் தகடும், உப்புத் திரவத்தில் நனைத்த காகிதமும். திரவத்தின் சேர்மானம் சரியில்லாவிட்டால் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கி, உறையின் தலையைப் பிதுக்கிவிடும். 1999-லிருந்து 2007 வரையில் செய்த கோடிக்கணக்கான கண்டென்சர்களுக்கு இந்த வியாதி இருந்தது. என் பெட்டி 2006-ஐச் சேர்ந்தது. வியாதி உலகளாவியது, அப்படியிருந்தும் மருந்து தெருமுனை இழுப்பறையில் கிடைத்தது. காரணம், அதன் மேல் எழுதியிருந்த இரண்டு எண்கள்.

1870-களில் பிரெஞ்சு ராணுவத்தின் பலூன் படையில் சார்ல்ஸ் ரெனார் என்ற பொறியியல் அதிகாரி இருந்தார். பலூன்களைக் கட்ட 425 வகைத் தடிமனுள்ள கயிறுகளைப் படை வைத்திருந்தது. ஒன்று அறுந்தால் அதே தடிமனுள்ள கயிற்றைத் தேடுவது பெரும்பாடு. ஒவ்வொரு தடிமனும் முந்தியதிலிருந்து ஒரே விகிதத்தில் பெருகும்படி அமைத்து, அவர் 425-ஐ 17 ஆகக் குறைத்தார். ஐந்து தாவலில் பத்து மடங்கு என்று வைத்தால், ஒவ்வொரு தாவலும் சுமார் 1.58 மடங்கு: 1, 1.6, 2.5, 4, 6.3, 10. மெக்கானிக் எடுத்த உருளையில் இருந்த 6.3 வோல்ட் என்ற வினோத எண் அங்கிருந்து வந்தது, கண்டென்சர்கள் 6.3, 10, 16, 25 என்ற படிகளிலேயே செய்யப்படுகின்றன. கொள்ளளவுக்கும் இதேபோல் ஒரு வரிசை உண்டு. அதில் ஆறு தாவலில் பத்து மடங்கு: 10, 15, 22, 33, 47, 68. உலகத்தில் எந்தக் கம்பெனி எந்தப் போர்டை வரைந்தாலும், கண்டென்சர் வேண்டுமானால் இந்தப் படிகளுக்குள்தான் பொறுக்க வேண்டும். ஆகவே எங்கள் தெரு மெக்கானிக், ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு உரிய கண்டென்சரைச் சில அறைகள் கொண்ட ஒரே இழுப்பறையில் வைத்திருக்க முடிகிறது. புவாஸோனின் கணக்கு அங்கே அவருக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது: 100 ஊர்களின் தேவையை ஒரு கிடங்கில் சேர்த்ததைப்போல, ஆயிரம் மாடல்களின் தேவை ஓர் இழுப்பறையில் சேர்ந்துவிடுகிறது. அபூர்வமாக எவரேனும் கேட்கும் பொருளாக இல்லாமல், அது தினமும் ஒருவர் கேட்கும் பொருளாகிவிடுகிறது.

என் பழைய பெட்டி முழுவதுமே இந்த நியாயத்தால் ஆனது. ஐ.பி.எம். கம்பெனி 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வெளியிட்ட தன் பெர்ஸனல் கம்ப்யூட்டரை, ஓராண்டுக்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில், கடையில் கிடைக்கும் பிறர் பாகங்களைக் கொண்டே அமைத்தது. அதன் மின்சுற்று வரைபடங்களையும் புத்தகமாக அச்சிட்டு விற்றது. 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ். என்ற நியமம், மதர்போர்டின் திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் எந்த முனையில் புக வேண்டும் என்பதையெல்லாம் வரையறுத்தது. அதனால்தான் எவரோ செய்த எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி எவரோ செய்த பெட்டியில் பொருந்துகிறது. மடிக்கணினியை மெலிதாக்க வேண்டும் என்ற ஆசையில் இந்த உடன்படிக்கை கைவிடப்பட்டது. மெமரியும் பிராசஸரும் போர்டோடு பற்றவைக்கப்பட்டு, ஒவ்வொரு மாடலின் போர்டும் அதன் உறைக்கேற்பக் கோணலாக வெட்டப்பட்டு, எதுவும் எதற்கும் பொருந்தாத ஒரு சாதி உண்டாகிவிட்டது. மெலிவதில் அழகும் சௌகரியமும் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு ஈடாக விட்டுக்கொடுத்தது எது என்பதை வாங்குகிறவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ஒரு விதிப்படி, டெலிவிஷனும் கம்ப்யூட்டர் திரையும் செய்பவர்கள் குறிப்பிட்ட உதிரிப் பாகங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருந்து, கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். கண்டென்சரும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாயிலைத் திறந்து, கம்பெனிகள் தங்கள் சேவை விவரங்களைத் தெரிவிக்க வழிசெய்தது நல்ல தொடக்கம். ஆயினும் நாள் கணக்கைச் சட்டத்தில் எழுதுவதே மருந்து என்பது என் கருத்து. 121 போர்டுகளோடு நின்றுவிடுகிற கிடங்குக்காரரின் கணக்கில், காத்திருப்பவரின் நாளுக்கு இப்போது விலையே இல்லை; சட்டம் அதற்கு ஒரு விலையை எழுதிவிட்டால், அதே சூத்திரம் அவரை 150 வைக்கச் சொல்லும், அல்லது ஊருக்கு நெருக்கமான இன்னொரு கிடங்கைத் திறக்கச் சொல்லும்.

52-ஆவது நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. போர்டை மாட்டுவதற்கு முன் ஒரு தரம் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் புன்னகையோடு, ஓரத்தைப் பிடித்துப் பார்க்கும்படி சொல்லிக் கொடுத்தாள். பச்சைப் பலகையின் மூலையில், பாக எண்ணுக்குக் கீழே, வெள்ளை எழுத்தில் '2120' என்று இருந்தது. போர்டு செய்பவர்கள் முதல் இரண்டு இலக்கத்தால் ஆண்டையும், அடுத்த இரண்டால் வாரத்தையும் குறிப்பது வழக்கம். 2021-ஆம் ஆண்டின் இருபதாம் வாரம். அதாவது மே மாதத்தின் நடுப்பகுதி. அந்த வாரத்தில் என் மகள், இந்தப் போர்டின் உடன்பிறப்பைத் தாங்கிய யந்திரத்தின் முன் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முதல் நான்கரை ஆண்டுகள் இது வெள்ளி நிற உறைக்குள், எந்த ஊரின் எந்த அலமாரியிலோ, கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது.

அந்தப் பெண் அதை என் கையிலிருந்து வாங்கி, உறைக்குள் பொருத்தி, பதினோரு திருகுகளையும் ஒவ்வொன்றாக முடுக்கினாள். பட்டனை அழுத்தியதும் விசிறி சுழலும் சப்தம் கேட்டது.